முளை வைத்த கண்

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி போன மாதம் போலத்தான். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் செய்யாமல் எழுதுகிறேன். போனில் பேசியதை நாளைக்கு யார் வேண்டுமானாலும் "அப்படிச் சொல்லவே இல்லை" என்று சொல்லிவிடலாம். காகிதம் அப்படிச் சொல்லவிடாது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கு.

என் முளை உங்கள் மருத்துவக் கருவி அனுமதி அலுவலகத்தில் பதினோரு மாதமாகக் கிடக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் காகிதத்தில் இருக்கட்டும். லேத்தில் இரும்புச் சுருள் தெறித்து என் இடது கண் போய்ப் பத்தொன்பது வருடம். டாக்டர் குழிக்குள் ஓர் உருண்டையை வைத்துத் தைத்தார். கண் தசைகள் அந்த உருண்டையைப் பிடித்துத் திருப்பும். ஆனால் மேலே மாட்டுகிற செயற்கைக் கண் திரும்பாது, சட்டைப் பொத்தான் மாதிரி நிற்கும். என்னோடு பேசுகிறவர்கள் பாதிப் பேச்சில் திரும்பித் தங்கள் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள், அங்கே யாரோ நிற்பதாக நினைத்து.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கண் வைத்தியப் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படித்து, டைட்டானியத்தில் ஒரு முளை கடைந்தேன். ஒரு முனை உருண்டைக்குள் இறங்கும். மறுமுனை செயற்கைக் கண்ணின் பின்பக்கக் குழியில் உட்காரும். உருண்டை திரும்பினால் கண்ணும் திரும்பும். டாக்டர் முதலில் எனக்குத்தான் வைத்தார். இப்போது பன்னிரண்டு பேர் வைத்திருக்கிறோம். ஒரு கம்பெனி அதைச் செய்து விற்க உங்கள் அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறது.

பெரிய கம்பெனி ஒன்றும் இதே மாதிரி ஒன்றைத் தயார் செய்வதாகக் கேள்விப்பட்டேன். அது வந்து சேரும்வரை என்னுடையதை அமுக்கி வைத்திருக்கிறார்களா? யார் மேசையில் இருக்கிறது? அந்த ஒன்றை மட்டும் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 19

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கையெழுத்திட்டே வாங்கினேன். இவருக்குச் சர்க்கரை பரவாயில்லை. அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் காதுக் கருவிகள் பிரிவில் இருக்கிறேன். கண் பிரிவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. கோபப்படாதீர்கள். பதினோரு மாதம் எங்கள் அலுவலகத்தில் அதிகமே இல்லை.

உங்கள் கண் எப்படி இருக்கிறது? கடிதத்தில் எல்லாருடைய உடம்பும் இருக்கிறது, உங்கள் கண் மட்டும் இல்லை.

உங்கள் தங்கை


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணிக்கு ஒத்தடத்தில் கொஞ்சம் குணம்.

தெரியாது என்கிறாய். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்கிறாய். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும், எது என்று நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

கம்பெனிக்கு நேரில் போனேன். டை கட்டிய ஒருவர்தான் இந்த வேலையைப் பார்க்கிறார். அவர் டையில் எப்போதும் பேனா மைக் கறை இருக்கும்.

"வாங்க சார், டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

"டீ குடிக்க வரல. என் முளை என்ன ஆச்சு?"

"உங்க முளை இல்ல சார், நம்ம முளை."

"நம்ம முளைன்னா உங்க கண்ணுலயும் ஒண்ணு வெச்சுக்கோங்க, அப்புறம் நம்மன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உங்கள் அலுவலகம் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறதாம். பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூடச் சீழ் வைக்கவில்லையா, முளையைச் சுற்றிச் சதை வளரவில்லையா, அது எப்படி என்று.

"நல்லா இருக்குறதும் குத்தமா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்தா சந்தேகப்படுவாங்க சார். அதுதான் அவங்க வேலை."

சந்தேகப்படுவதை உத்தியோகமாக வைத்திருக்கிறீர்கள். நான் சந்தேகப்பட்டால் மட்டும் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறீர்கள்.

அண்ணன்


ஏப்ரல் 6

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கு எல்லோரும் நலம்.

கண் பிரிவில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனதால் அவருடைய கோப்புகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். உங்களுடையது என் மேசைக்கு வந்தது. ஒரு முறை திறந்தேன். உடனே மூடி, இது என் அண்ணன் சம்பந்தப்பட்டது, நான் பார்க்கக் கூடாது என்று மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அது என் கையில் இல்லை.

ஆனால் திறந்தது திறந்ததுதான். கேள்விக்குப் பதிலாகக் கம்பெனி அனுப்பிய, போன மாதம் வரையிலான நோயாளிகளின் அட்டைகள் பன்னிரண்டையும் பார்த்தேன். அசைவு அளவுகளுக்குப் பக்கத்தில் "கூட்டல் கழித்தல் 0.2" என்று இருந்தது. எந்த டாக்டரும் கண் அசைவை அப்படி எழுதிப் பார்த்ததில்லை. லேத்துக்காரர்தான் எழுதுவார்.

தங்கையாகக் கேட்கிறேன். அந்த அட்டைகளை எழுதுவது நீங்களா? யாராவது சீழோடு வந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் கண் எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை


ஏப்ரல் 13

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆமாம், நான்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் டாக்டரின் அறையில் நிற்க இடமிருக்காது. "உங்க கையளவுக்கு என் கையளவு வராது, நீங்களே பார்த்துடுங்க" என்று அவர்தான் சொன்னார். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். கன்னத்தில் கண்ணாடி அளவுகோலை வைத்து, இடம் வலம் மேல் கீழ் பார்க்கச் சொல்லிக் கருமணி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று குறிப்பேன். டாக்டர் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். முளை வைக்கும் முன் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்த கண் இப்போது நாலரை நகர்கிறது. தையல்காரம்மா ஒருவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "சார், இது என்னையே பார்க்குது" என்று சொன்னார். அதையும் அட்டையில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன்.

சீழைப் பற்றிக் கேட்கிறாய். வந்தால் டாக்டரிடம் அனுப்புவேன். சொட்டு மருந்து கொடுப்பார், சதை வளர்ந்திருந்தால் நறுக்கிவிடுவார். ஒரு மாதத்தில் ஆறிவிடும். ஆறிய பிறகு அட்டையில் "சரி" என்று எழுதுவேன். நாற்பது வருடம் பட்டறையில் நான் பழகியது அதுதான். ஓர் உருப்படி அளவு தப்பினால் திரும்ப மெஷினில் ஏற்றிச் சரி செய்வோம். அளவுக்கு வந்ததும் சோதனை அட்டையில் "சரி". திரும்ப ஏற்றிய கதையை எந்தப் பட்டறையிலும் எழுத மாட்டார்கள். எழுதினால் நல்ல உருப்படிக்குக் கெட்ட பெயர். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஆறியது சரிதானே?

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நீ படித்துவிட்டதால்தான் உனக்குப் புரியவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 30

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு வெயில் அதிகம். மாடித் தொட்டியில் தண்ணீர் மதியத்துக்கெல்லாம் கொதிக்கிறது. இவருக்கு லேசாக இருமல். அண்ணியின் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கண்ணைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

உங்கள் தங்கை


மே 20

தங்கைக்கு,

வெயிலைப் பற்றி எழுதினாய். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதினாய். என்ன செய்தாய் என்று மட்டும் எழுதவில்லை.

நேற்று டை கட்டியவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து உங்கள் அலுவலகத்துத் தபால் ஒன்றை வாசித்துக் காட்டினார்.

"'அளவுக்கு வந்ததும் சரி, திரும்ப ஏற்றிய கதையை எழுத மாட்டார்கள்.' இது உங்க வார்த்தையா சார்?"

"ஆமா."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அவரே சொன்னார்: "உங்க தங்கச்சி உங்களைப் போட்டுக் கொடுத்துட்டாங்க சார். நீங்க எழுதின லெட்டரைக் கோப்புல சேர்த்துட்டாங்க."

தங்கையாகக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் தங்கைக்குத்தான் எழுதினேன். காகிதம் சாட்சி என்று நம்பியவன் நான். அந்தச் சாட்சியை எனக்கு எதிராகவே கொண்டுபோய் நிறுத்தினாய்.

நீ கல்லூரிக்குப் போன வருடம் நான் இரண்டு ஷிப்ட் நின்றேன். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிக் காட்டுகிறேன். அந்தப் பெரிய கம்பெனிக்கும் உனக்கும் என்ன உறவு என்று தெரியாது. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.


ஜூன் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். இது உன் அண்ணனுக்குத் தெரியாது. தபால்பெட்டிக்கு நானே போகிறேன், முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் கடிதங்களை அவர் என்னிடம் வாசித்துக் காட்டுவார். நீ அவர் கண்ணைப் பற்றிக் கேட்கும் வரி வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். நான் கேட்கிற மாதிரி வாசிப்பதில்லை.

ஒன்பது மாதமாகச் சீழ் வடிகிறது. தலையணை உறையை அவரே துவைத்துப் போடுகிறார், கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்தவரில்லை. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. "கண்ணு எரியுதா?" என்று கேட்டால், "உனக்கு வேற வேலையில்லையா?" என்கிறார். போன வாரம் ஜுரம் வந்தது. தூசி என்றார். தூசியில் யாருக்காவது ஜுரம் வருமா?

உன்னிடம் மறைப்பது பெரிதில்லை. டாக்டரிடமே மறைக்கிறார். தன் அட்டையைத் தானே எழுதிக்கொள்கிறாரே. கேட்டேன். "முதல் ஆள் நான். நானே விழுந்தா எல்லாம் விழுந்துடும்" என்றார். எனக்கு உருண்டையும் முளையும் தெரியாது. இவர் தெரியும். நீ ஏதாவது செய்.

உன் அண்ணி


ஜூன் 24

அண்ணனுக்கு,

பிரிக்க மாட்டேன் என்றீர்கள். அதனால் உறை போடாமல் அஞ்சலட்டைகளாக அனுப்புகிறேன். மொத்தம் நான்கு, எண் போட்டிருக்கிறேன். தபால்காரரும் படிக்கட்டும்.

உங்கள் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தது நான்தான். தங்கை என்று சொல்லிக் கேட்டேன், அலுவலராகப் படித்தேன். அது துரோகம்தான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். சொல்லியிருந்தால் செய்யவிட்டிருக்க மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. ஏப்ரல் முப்பதாம் தேதி வெயிலைப் பற்றி எழுதியபோது அது ஏற்கனவே செய்து முடிந்திருந்தது.

பெரிய கம்பெனி எதுவும் இல்லை. முதல் எண் அட்டையில் பதினொரு "சரி" இருந்தது. அந்த ஆள் போன வருடம் என் வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று கைக்குட்டை மாற்றினார். நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அனுமதி கிடைத்தால் உங்கள் முளை ஆயிரம் பேர் குழிக்குள் இறங்கும். அவர்களுக்குச் சீழ் வரும்போது, இது வரக்கூடியது, இப்படிப் பார்க்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நானும் இப்போது கேட்கவில்லை. அந்தப் பதினொரு பேரிடமும் போய்க் கேளுங்கள். பிறகு டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டுங்கள். ஜுரம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

தங்கை


ஆகஸ்ட் 27

தங்கைக்கு,

உன் நான்கு அட்டைகளில் மூன்றாவதுதான் முதலில் வந்தது. தபால்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மீதி வந்தா உடனே தர்றேன் சார்" என்றார். தெருவுக்கே தெரிந்துவிட்டது. நினைத்ததைச் சாதித்துவிட்டாய்.

அண்ணி எழுதியதும் எனக்குத் தெரியும். ஜுரம் உனக்கு எப்படித் தெரியும்? அவளிடம் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

தையல்காரம்மா இரண்டு சனிக்கிழமை வரவில்லை. ஏழாம் எண். உன் அட்டைக்காக இல்லை, அவருக்காகத்தான் போனேன். மாடியில் ஓர் அறை, இரண்டு மெஷின், தரையெல்லாம் வெட்டுத்துணி. தலை நிமிராமலேயே பேசினார்.

"வாங்க சார். இங்க அளவெடுக்குறது என் வேலை."

"ரெண்டு வாரமா காணோமே?"

"வந்து என்ன சார்? பன்னெண்டு பேர்ல கெட்டுப்போனது நான் ஒருத்திதான். உங்க நல்ல அட்டைங்களுக்கு நடுவுல எதுக்கு?"

"யார் சொன்னது உங்க ஒருத்திக்குன்னு?"

"நீங்கதான்."

அவர் சொன்னது சரி. சீழோடு யார் வந்தாலும், "வேற யாருக்கும் இப்படி வரல, உங்களுக்கும் சீக்கிரம் ஆறிடும்" என்று சொல்லி அனுப்புவேன். தைரியத்துக்குத்தான் சொன்னேன். ஐந்து பேரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

அவர் கையை நீட்டினார். உள்ளங்கை முழுவதும் வெடித்திருந்தது. "என் கைதான் சுத்தமில்லன்னு நெனச்சேன். ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை சோப்புப் போட்டுக் கழுவறேன். இப்ப நூல் எடுத்தா வெடிப்புல மாட்டுது. மக கைக்குழந்தையோட வந்திருக்கா. மூணு மாசமா நான் அதைத் தூக்கல. ஒட்டிக்குமோன்னு பயம்."

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தன் நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பத்து மாசமாச்சு."

"மத்தவங்க?"

"உங்களைச் சேர்த்து அஞ்சு பேரு. என்னோட ஆறு."

"அடப்பாவி மனுஷா" என்றார். உள்பக்கம் திரும்பி, "ஏய், அந்தப் பிள்ளையைக் கொண்டா இங்க" என்று கத்தினார். குழந்தை வந்ததும் வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நானாகத்தான் படி இறங்கி வந்தேன்.

உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். பன்னிரண்டு பேரில் ஆறு பேர். யாருக்கு எந்த மாதம், எத்தனை முறை, என்ன மருந்து, எல்லாம் அவர்களையே கேட்டு எழுதியது. என்னுடையதைக் கடைசியில் எழுதினேன். நான் பொய் எழுதியதாக அதில் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டறை வழக்கம் பட்டறைக்குச் சரி. மனிதர்களிடம் அதைக் கொண்டுவந்தது என் தவறு. அந்த வரியை மட்டும் எழுதினேன், அதற்கு மேல் எழுத மாட்டேன்.

டாக்டர் என் முளையை எடுத்துவிட்டார். உருண்டைக்கும் நஞ்சு இறங்கியிருக்கிறதா என்று அடுத்த மாதம்தான் தெரியும். கண் பழையபடி பொத்தானாக நிற்கிறது. பேசுகிறவர்கள் தோளுக்குப் பின்னால் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பன்னிரண்டு பேரையும் இன்னும் இரண்டு வருடம், வேறொருவர் மேற்பார்வையில் பார்த்து எழுதி, திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். டை கட்டியவர், "ரெண்டு வருஷம் கம்பெனி காத்திருக்குமான்னு தெரியல சார்" என்றார். எனக்கு எழுபத்தொன்று. நானும் காத்திருப்பேனா என்று தெரியவில்லை. அந்த மேற்பார்வைக்காரர் யாருடைய ஆள் என்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா?

முன்பெல்லாம் ஒருவர் வெளியே போன பிறகுதான் அடுத்தவரை உள்ளே கூப்பிடுவேன். போன சனிக்கிழமை எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். மேற்பார்வைக்காரர் எழுதட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்கிறேன். வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிறகு தையல்காரம்மா பக்கத்திலிருந்த லாரி டிரைவரைப் பார்த்து, "காலைல எந்திரிச்சா உங்களுக்கும் இமை ஒட்டிக்குமா?" என்று கேட்டார். அவர், "அட, உங்களுக்குமா?" என்றார். அதற்குப் பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். அட்டையில் இடம் போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன்.

அண்ணன்